செவ்வாயின் பனிக்கு அடியில் ஏரி இருக்கா? என் பழைய எபிசோடுக்கு ஒரு திருத்தம்

இந்த வாரம் வேறு ஒரு தலைப்பைப் பற்றிப் பேசுவதாகத்தான் இருந்தேன். ஆனா ரெண்டு வாரத்துக்கு முன்னாடி ஒரு மெயில் வந்தது. அனுப்பியவர் ஒரு பள்ளிக்கூட அறிவியல் ஆசிரியை. 2020இல், ஊரடங்கு நேரத்தில், இந்த பாட்காஸ்ட்டை நான் ஆரம்பித்த புதிதில் "செவ்வாயில் ஏரி இருக்கு" என்று ஒரு எபிசோடு போட்டிருந்தேன். அதை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் போட்டுக் கேட்க வைத்திருக்கிறார். முடிந்ததும் ஒரு பொண்ணு எழுந்து, "மிஸ், அங்க யாருமே போகலையே, அப்புறம் பனிக்கு அடியில தண்ணி இருக்குன்னு அந்த அண்ணனுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டிருக்கிறாள். ஆசிரியைக்குப் பதில் தெரியவில்லை. என்னிடம் கேட்டு எழுதியிருந்தார்.

உட்கார்ந்து அந்தப் பழைய எபிசோடைத் திரும்பக் கேட்டேன். என் குரலை நானே கேட்பது எப்பவுமே சங்கடம்தான், அது வேற விஷயம். ஆனா அதில் நான் "உறுதியாயிடுச்சு" என்ற வார்த்தையை நாலு முறை சொல்லியிருந்தேன். அந்த ஆய்வைச் செய்தவர்கள் அப்படிச் சொல்லவே இல்லை. அவர்கள் சொன்னது, எங்களுக்குக் கிடைத்த எதிரொலிக்கு இதுதான் பொருத்தமான விளக்கமாகத் தெரிகிறது என்பது. அதை "உறுதி" ஆக்கியது நான்.

அதனால இந்த எபிசோடு அந்தப் பொண்ணுக்கு. "எப்படித் தெரியும்?" என்ற கேள்விக்கு முடிந்தவரை நேர்மையா பதில் சொல்லிப் பார்க்கிறேன்.

தட்டிப் பார்ப்பது

சந்தையில் மண்பானை வாங்கும்போது பாட்டி என்ன செய்வாங்க? விரலை மடக்கி ஒரு தட்டு தட்டுவாங்க. கணீர்னு கேட்டா நல்ல பானை. மந்தமா கேட்டா எங்கேயோ விரிசல். விரிசல் கண்ணுக்குத் தெரியாது, சத்தம் சொல்லிவிடும். ராடார் செய்வதும் கிட்டத்தட்ட இதேதான். தட்டுவதற்கு விரலுக்குப் பதிலா ரேடியோ அலை.

பனிக்கட்டிக்கு ஒரு வசதியான குணம் உண்டு. நன்றாகக் குளிர்ந்த, சுத்தமான பனி ரேடியோ அலைகளுக்குக் கிட்டத்தட்ட கண்ணாடி மாதிரி. அலை உள்ளே போகும். போகிற வழியில் பொருளின் தன்மை எங்கே மாறுகிறதோ, அங்கே அதில் கொஞ்சம் திரும்பி வரும். தூசி கலந்த ஓர் அடுக்கு வந்தால் ஓர் எதிரொலி. அடியில் பாறை வந்தால் இன்னொன்று. தண்ணீர் இருந்தால் மிகப் பலமான ஒன்று. பூமியில் அண்டார்டிகா மேல் விமானத்தில் பறந்தபடி 1960களிலிருந்தே இப்படி அளந்து வருகிறார்கள். வோஸ்டாக் என்ற பெரிய ஏரி அங்கே சுமார் 4 கி.மீ. பனிக்கு அடியில் கிடக்கிறது. அதன் இருப்பை உறுதி செய்ததில் ராடாருக்குப் பெரிய பங்கு உண்டு.

செவ்வாயின் இரண்டு துருவங்களிலும் பனி இருக்கிறது. மெல்லிய பூச்சு என்று நினைக்காதீங்க. தெற்கில் சில இடங்களில் 3.7 கி.மீ. ஆழம் வரை. வெட்டுப்பட்ட சரிவுகளைப் படம் எடுத்துப் பார்த்தால் புத்தகத்தை மூடிப் பக்கவாட்டில் பார்ப்பது மாதிரி அடுக்கடுக்காகத் தெரியும். ஆனா விளிம்பு மட்டும்தானே தெரிகிறது? உள்ளே என்ன இருக்கிறது என்று படிக்க ராடார் வேணும்.

இரண்டு கருவிகள்

இதற்கென்றே இரண்டு ராடார்கள் செவ்வாயைச் சுற்றுகின்றன. முதலாவது மார்ஸிஸ். ஐரோப்பிய விண்வெளி முகமையின் மார்ஸ் எக்ஸ்பிரஸ் விண்கலத்தில் இருக்கிறது. 2003இல் ஏவப்பட்டது. இரண்டாவது ஷராட். இத்தாலிய விண்வெளி முகமை கொடுத்த கருவி. நாசாவின் மார்ஸ் ரிகனைசன்ஸ் ஆர்பிட்டரில் 2006இலிருந்து செவ்வாயைச் சுற்றுகிறது.

ஏன் ரெண்டு? அதிர்வெண் குறையக் குறைய அலை ஆழமாகப் போகும், ஆனா நுணுக்கம் போய்விடும். அதிர்வெண் கூடினால் நுணுக்கம் கிடைக்கும், ஆழம் குறையும். மார்ஸிஸ் சுமார் 1.3 முதல் 5.5 மெகாஹெர்ட்ஸ் வரை வேலை செய்கிறது. ஷராட் 15 முதல் 25 வரை. பனிக்குள் மார்ஸிஸால் சுமார் 85 மீட்டர் இடைவெளியைத்தான் பிரித்துப் பார்க்க முடியும். ஷராடுக்கு அது 8 மீட்டர் சொச்சம். ஒருத்தர் ஆழக் கிணறு தோண்டுபவர், இன்னொருத்தர் வெங்காயம் உரிப்பவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மார்ஸிஸின் ஆன்டெனா முனைக்கு முனை 40 மீட்டர். மடித்து வைத்து அனுப்பினார்கள். விரியும்போது சாட்டை மாதிரி சுழன்று கலத்தையே அடித்துவிடுமோ என்ற பயத்தில் விரிப்பதைத் தள்ளிப்போட்டு, கடைசியில் 2005 மே மாதம்தான் தொடங்கினார்கள். முதல் கையில் ஒரு மூட்டு முழுதாகப் பூட்டிக்கொள்ளவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? கலத்தைத் திருப்பி அந்தக் கையை வெயிலில் காட்டினார்கள். சூடானதும் மூட்டு நேராகிப் பூட்டிக்கொண்டது. ப்ரொடக்‌ஷனில் இதைவிட நல்ல பக் ஃபிக்ஸ் நான் கேள்விப்பட்டதில்லை.

ஷராட் அனுப்பும் சக்தி எவ்வளவு? 10 வாட். நம்ம வீட்டு எல்இடி பல்பு அளவு. 300 கி.மீ. உயரத்திலிருந்து பல்பு வெளிச்சத்தில் பனிக்கு உள்ளே பார்ப்பது எப்படி? ஒரே ஒரு கூர்மையான தட்டு தட்டாமல், அதிர்வெண்ணை மேலிருந்து கீழே இழுத்தபடி 85 மைக்ரோ செகண்டுக்கு ஒரு நீண்ட விசில் அடிக்கிறது. திரும்பி வரும் மங்கலான விசிலைக் கணினியில் அசல் விசிலோடு ஒப்பிட்டுப் பொருத்தும்போது, நீண்ட சத்தம் மொத்தமும் ஒரு கூர்மையான புள்ளியாகச் சுருங்கிவிடும். சக்தி குறைவு, கணக்கு அதிகம்.

நேரத்தை ஆழமாக்குவது

ராடார் நமக்கு ஆழத்தைத் தருவதில்லை. நேரத்தைத்தான் தருகிறது. மேற்பரப்பிலிருந்து ஓர் எதிரொலி வந்தது, 18 மைக்ரோ செகண்ட் கழித்து இன்னொன்று வந்தது. அவ்வளவுதான் டேட்டா. நடுவில் வெற்றிடம் என்று வைத்தால் ஆழம் 2.7 கி.மீ. பனி என்று வைத்தால் அலை மெதுவாகப் போகும், ஆழம் 1.5 கி.மீ. ஒரே நேரம், ரெண்டு விடை. நடுவில் என்ன பொருள் என்பது நாம் வைக்கிற அனுமானம்.

அப்ப பனி என்று எப்படித் தெரியும்? இங்கேதான் அழகு. வட துருவத்தில் பனியின் வேகத்தை வைத்துக் கணக்கிட்டால், அடித்தளம் சுற்றியுள்ள சமவெளியோடு ஒரே மட்டத்தில் வந்து சேர்கிறது. வேறு வேகம் வைத்தால் அடித்தளம் காரணமே இல்லாமல் மேலேயோ கீழேயோ வளைகிறது. அனுமானம்தான், ஆனால் சோதித்துப் பார்த்த அனுமானம்.

இன்னொரு பொறியும் உண்டு. அலை நேர் கீழே மட்டும் போவதில்லை, பக்கவாட்டிலும் பரவும். பக்கத்தில் இருக்கும் மலைச்சரிவில் பட்டுத் தாமதமாக வரும் எதிரொலி, ஏதோ ஆழத்திலிருந்து வந்த மாதிரி நடிக்கும். அதனால் லேசர் கருவி அளந்து வைத்த உயர வரைபடத்தை எடுத்து, பனிக்கு அடியில் எதுவுமே இல்லாவிட்டால் ராடார் எதைக் காட்டும் என்று முதலில் சிமுலேஷன் ஓட்டுகிறார்கள். நிஜப் படத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். ரெண்டிலும் ஒரு கோடு இருந்தால் அது வெறும் மலை. நிஜத்தில் மட்டும் இருந்தால்தான் அது உள்ளேயிருந்து வந்தது. நம்ம ஊர் டெஸ்டிங் டீமுக்கு இந்தப் பழக்கம் ரொம்பப் பிடிக்கும்.

அடுக்குகள் சொன்னவை

ஏரிச் சண்டைக்குப் போகும் முன், இந்தக் கருவிகள் கொடுத்த நல்ல விஷயங்களைச் சொல்லியாகணும். என் பழைய எபிசோடில் இவை ஒன்றுகூட இல்லை. ஏரி மட்டும்தான் எனக்குத் தலைப்புச் செய்தியாகத் தெரிந்தது.

2007இல் மார்ஸிஸ் தென் துருவப் பனியை அளந்தது. உருக்கினால் செவ்வாய் முழுவதையும் 11 மீட்டர் ஆழத்துக்கு மூடும். 2008இல் ஷராட் வட துருவத்தைப் படித்தது. பூமியில் கிரீன்லாந்துப் பனியின் எடையால் அதன் அடியில் உள்ள நிலம் நூற்றுக்கணக்கான மீட்டர் கீழே அழுந்திக் கிடக்கிறது. செவ்வாயின் வட துருவத்தில் சுமார் 2 கி.மீ. பனி இருந்தும் நிலம் 100 மீட்டர்கூட அழுந்தவில்லை. அப்படியென்றால் பாறைக்கோளம் அவ்வளவு விறைப்பு, 300 கி.மீ.க்கும் அதிகமான தடிமன், உள்ளே எதிர்பார்த்ததைவிடக் குளிர்ச்சி. பனியைப் பார்க்கப் போய் கிரகத்தின் உள்வெப்பத்தைப் பற்றி ஒரு தகவல் கிடைத்தது.

2011இல் தென் துருவத்தில் உறைந்த கார்பன் டை ஆக்சைடு பெரிய அளவில் புதைந்திருப்பது தெரிந்தது. அது முழுக்க ஆவியானால் இன்றைய காற்று மண்டலத்தின் நிறை 80 சதவீதம் வரை கூடும். 2016இல் இன்னொரு ஆய்வு, வட துருவத்தின் மேல் அடுக்குகளை ஷராட் படங்களில் பின்தொடர்ந்து, ஒரு பனியுகம் முடிந்த தடத்தைக் கண்டது. சுமார் 3,70,000 ஆண்டுகளுக்கு முன்பு அது முடிந்திருக்கிறது. அதன் பிறகு துருவங்களில் சேர்ந்த பனி சுமார் 87,000 கன கிலோமீட்டர்.

இந்த அடுக்குகள் எப்படி வருகின்றன? நம்ம பூமியின் அச்சுச் சாய்வு 22 முதல் 24.5 டிகிரிக்குள் அடக்கமாக ஆடுகிறது, நிலா பிடித்து வைத்திருப்பதால். செவ்வாய்க்கு அப்படி ஒரு துணை இல்லை. இப்போது 25 டிகிரி. கடந்த சில பத்து லட்சம் ஆண்டுகளில் 15க்கும் 35க்கும் நடுவே ஆடியிருக்கிறது. சாய்வு கூடினால் துருவத்தில் வெயில் அதிகம், பனி அங்கிருந்து கிளம்பிக் கீழே போகும். குறைந்தால் திரும்பி வந்து படியும். தூசி கூடிய காலம், குறைந்த காலம் என்று மாறி மாறிக் கோடு விழும். மரத்தின் வளையம் மாதிரி, ஒரு கிரகத்தின் வானிலைக் கணக்கு.

சராசரி மறைத்த ஏரி

இப்ப அந்த ஏரி. ஒரு சாஃப்ட்வேர் ஆளாக எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த பகுதி இதுதான்.

மார்ஸ் எக்ஸ்பிரஸிலிருந்து பூமிக்கு வரும் டேட்டா லைன் குறுகியது. கருவியின் நினைவகமும் சின்னது. அதனால் மார்ஸிஸ் வாங்கும் எதிரொலிகளை அங்கேயே பலவற்றைச் சேர்த்து, சுருக்கி, ஒன்றாக்கித்தான் அனுப்பும். ஆராய்ச்சிக் குழுவுக்குத் தென் துருவத்தில் அவ்வப்போது பளிச்சென்று ஏதோ தெரிந்தது. அடுத்த சுற்றில் அதே இடத்தில் தெரியாது. வருஷக்கணக்கா இந்தக் கண்ணாமூச்சி. கடைசியில் கலத்தில் நடக்கும் சுருக்கும் வேலையைத் தாண்டி, மூல எதிரொலியை அப்படியே அனுப்பும் ஒரு முறையை உருவாக்கினார்கள். நினைவகம் சீக்கிரம் நிரம்பிவிடும், ஒரு சுற்றில் கொஞ்ச தூரம்தான் எடுக்க முடியும். அப்படி 2012 மே முதல் 2015 டிசம்பர் வரை 29 முறை எடுத்தார்கள்.

நான் முதலில் வேலை பார்த்த இடத்தில் பணம் கட்டும் பக்கத்துக்கு ஒரு டாஷ்போர்டு இருந்தது. சராசரி நேரம் அரை செகண்ட், எல்லாம் பச்சை. வாடிக்கையாளர்கள் மட்டும் புலம்பிக்கொண்டே இருந்தார்கள். மூல லாகுகளைச் செலவு மிச்சம் என்று அழித்துக்கொண்டிருந்தோம். ஒரு நாள் அழிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தால், நூற்றில் 99 பேருக்குச் சட்டென்று முடிகிறது, ஒருத்தருக்கு மட்டும் 30 செகண்ட். சராசரி அவரை விழுங்கிவிட்டது. அதனால மார்ஸிஸ் கதையைப் படித்தபோது எனக்கு அது செவ்வாய் மாதிரியே தெரியவில்லை, ஆபீஸ் மாதிரி இருந்தது.

2018 ஜூலையில் முடிவு வெளியானது. ராபர்ட்டோ ஒரோசேய் தலைமையிலான இத்தாலியக் குழு. தென் துருவத்துக்கு அருகில், 1.5 கி.மீ. பனிக்கு அடியில், 20 கி.மீ. அகலத்துக்கு மிகப் பலமான எதிரொலி. மின்காந்த அலைக்கு ஒரு பொருள் எவ்வளவு தடையாக இருக்கிறது என்பதற்கு ஓர் எண் உண்டு. பனிக்கு 3. வெற்றிடத்துக்கு 1. தண்ணீருக்கு 80. இந்த இடத்துக்கு வந்தது 15க்கும் மேல். சாதாரண உலர்ந்த பாறைகள் பொதுவாக அவ்வளவு போகாது. எனவே உப்புத் தண்ணீர் என்றார்கள். 2020இல் அதே பகுதியில் இன்னும் சில இடங்களைச் சேர்த்தார்கள். அப்போதுதான் நான் மைக்கைப் பிடித்து "உறுதியாயிடுச்சு" என்றேன்.

சந்தேகங்கள்

முதல் சந்தேகம் குளிர். மேற்பரப்பு மைனஸ் 110 டிகிரி வாக்கில். அடியில் மைனஸ் 68 என்று அவர்களே மதிப்பிட்டார்கள். பெர்குளோரேட் என்ற உப்பு செவ்வாய் மண்ணில் இருப்பதை 2008இல் ஃபீனிக்ஸ் கலம் கண்டுபிடித்தது. அது நிறையக் கரைந்தால் தண்ணீர் மைனஸ் 70 வரைகூட உறையாமல் இருக்கலாம். ஆனால் வேறொரு கணக்கு 2019இல் வந்தது. அவ்வளவு உப்பு இருந்தாலும் போதாது, கடந்த சில லட்சம் ஆண்டுகளுக்குள் அடியில் எரிமலைக் குழம்பு வந்திருந்தால்தான் அந்த வெப்பம் கிடைக்கும் என்றது அது.

2021இல் அடுத்தடுத்து அடி. மார்ஸிஸின் 15 ஆண்டு டேட்டாவில் 44,000 எதிரொலிகளை இருவர் அலசினார்கள். அவர்களில் ஒருவரான ஜெஃப்ரி பிளாட் மார்ஸிஸ் குழுவின் தலைவர்களில் ஒருவர். இதே மாதிரிப் பளிச்சென்ற இடங்கள் டஜன் கணக்கில் கிடைத்தன. அவற்றில் பல, எந்த உப்புத் தண்ணீரும் உறையாமல் இருக்க முடியாத குளிர்ந்த இடங்கள். அப்படியென்றால், ஒன்று எங்கும் ஏரி, இல்லாவிட்டால் இந்த எதிரொலிக்கு வேறு ஏதோ காரணம். அதே ஆண்டு இன்னொரு குழு ஈரமான ஸ்மெக்டைட் என்ற களிமண்ணை ஆய்வகத்தில் உறைய வைத்து அளந்தது. அதுவும் பலமான எதிரொலி தரும் என்று வந்தது. 2022இல், இடைவெளி சரியாக அமைந்த மெல்லிய அடுக்குகளின் எதிரொலிகள் ஒன்றோடொன்று கூடியே இவ்வளவு பலம் வரலாம் என்று இன்னொரு ஆய்வு. சோப்புக் குமிழியில் நிறம் தெரிகிறதே, அந்த வித்தை. அதே 2022இல் ஏரிக்கு ஆதரவாகவும் ஒன்று வந்தது. மேலே பனியின் மட்டத்தில் தெரியும் சிறிய மேடுபள்ளம், பூமியில் பனிக்கடியில் ஏரி இருக்கும் இடங்களில் தெரிவது மாதிரி இருக்கிறது என்று.

ஷராட் என்ன சொன்னது? பல வருஷமா ஒன்றுமே சொல்லவில்லை. அந்த இடத்தில் அடித்தளமே அதற்குத் தெரியவில்லை. ஷராடின் ஆன்டெனா கலத்தின் ஒரு பக்கமாக இருக்கிறது, கலத்தின் உடம்பே சிக்னலை மறைக்கிறது. அதனால் கலத்தையே 120 டிகிரி புரட்டிப் போடும் ஒரு வித்தையைக் கொண்டு வந்தார்கள். அந்த நேரத்தில் பூமியோடு பேச முடியாது, சோலார் பலகைகள் சூரியனைப் பார்க்காது. அத்தனை ஆபத்தோடு 2025 மே 26 அன்று அந்த இடத்தின் மேல் புரண்டது. முதன்முறையாக எதிரொலி வந்தது. ஆனா மங்கலா. தண்ணீர் இருந்தால் இதைவிட எவ்வளவோ பலமாக வந்திருக்க வேண்டும். பக்கத்து இடத்தில் பார்த்தபோது அந்த மங்கலான எதிரொலிகூட இல்லை. எனவே அந்த இடத்தில் ஏதோ விசேஷம் இருக்கிறது, அது தண்ணீராக இருக்க வாய்ப்பு குறைவு, வழவழப்பான பழைய எரிமலைக் குழம்புத் தரையாக இருக்கலாம் என்கிறது அந்தக் குழு.

அந்தப் பொண்ணுக்கு

தங்கச்சி, உன் கேள்விக்குப் பதில் இதுதான். அந்த அண்ணனுக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி பேசிட்டேன், மன்னிச்சுக்கோ.

உறுதியாகத் தெரிந்தது என்ன? அங்கே ஒரு பலமான எதிரொலி இருக்கிறது. அது கருவிக் கோளாறு இல்லை, பல முறை எடுத்தாச்சு. அந்த எதிரொலியை "ஏரி" என்று மொழிபெயர்க்க நடுவில் உப்பு, வெப்பம், பாறை என்று பல அனுமானங்கள் தேவைப்பட்டன. இப்போதைக்கு அந்த அனுமானங்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்துகொண்டிருக்கின்றன. ஏரி இல்லை என்று நாளைக்கு முடிவானாலும், 11 மீட்டர் தண்ணீருக்கான பனியும் 3,70,000 ஆண்டுக்கு முந்தைய பனியுகத்தின் தடமும் எங்கும் போகாது.

ஒரு கடைசிச் செய்தி. 2022இல் மார்ஸிஸுக்குப் புது சாஃப்ட்வேர் ஏற்றினார்கள். பழையது விண்டோஸ் 98 காலத்துச் சூழலில் எழுதப்பட்டது. புதுசு தேவையில்லாத டேட்டாவை முன்கூட்டியே விலக்கிவிடுகிறது, அதனால் ஒரு சுற்றில் முன்பைவிட ஐந்து மடங்கு நேரம் கருவியை ஓட்ட முடிகிறது. அந்தக் கலம் ஏவப்பட்டபோது எனக்கு ஐந்து வயசு. இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது, இன்னும் பனியைத் தட்டிக்கொண்டிருக்கிறது.

அந்தப் பழைய எபிசோடை நான் நீக்கப் போவதில்லை. முன்னாடி ஒரு நிமிஷம் புதுசா பேசிச் சேர்த்திருக்கிறேன். ஆசிரியைக்கு இந்த எபிசோடின் லிங்க்கை அனுப்பியாச்சு. வகுப்பில் இதைக் கேட்டுவிட்டு அந்தப் பொண்ணு அடுத்து ஒரு கேள்வி கேட்பாள் என்று நிச்சயமா தெரியும். இந்த முறை "நிச்சயம்" என்று தைரியமா சொல்வேன். அடுத்த வாரம் சந்திப்போம்.